பன்னிரண்டாவது பை

தையல் மிஷின் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை படிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நீளத் தையல் போகும்போது குரலை உயர்த்த வேண்டும். மூலை திரும்பும்போது நிறுத்த வேண்டும். நூல் அறுந்துவிட்டால், கதையில் எவ்வளவு பெரிய ஆபத்து நடந்துகொண்டிருந்தாலும் சரி, அதை அப்படியே விட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அவளுக்கு ஊசி என்று பேர் வந்தது. வயது பத்து. ஆளும் ஊசி மாதிரிதான், ஒல்லி. “நாக்கும் அப்படித்தான்” என்பாள் அம்மா.

அம்மா சினிமாவுக்கு உடை தைக்கும் பட்டறையில் வேலை செய்தாள். அங்கே முடியாத வேலையை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். வந்தால் நாற்பது பேருக்குச் சமைத்துவைத்துவிட்டு, சாப்பிட ஆளில்லையே என்று முழிப்பார். மற்ற நாளெல்லாம் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அம்மா, ஊசி, ஒரு மிஷின், ஒரு தடித்த புத்தகம்.

புத்தகத்தின் பேர் ‘பனிக்கோட்டையின் பன்னிரண்டு கதவுகள்’. தொப்பிக்காரி என்ற சிறுமி, காணாமல் போன தன் தம்பியைத் தேடிப் பனிக்கோட்டைக்குள் போகும் கதை. ஊரில் பாதிப் பிள்ளைகள் அதைப் படித்திருந்தார்கள். ஊசி மூன்று முறை படித்திருந்தாள். அது படமாக வரப்போகிறது என்று தெரிந்த அன்று வகுப்பில் கணக்குப் பாடமே நடக்கவில்லை.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. அந்தப் படத்துக்கு உடை தைப்பது அம்மாவின் பட்டறைதான். அதிலும், சாவிக்காரரின் மேலங்கி அம்மாவின் கைக்கு வந்திருந்தது!

சாவிக்காரர் கோட்டைக் கதவுகளின் காவலாளி. அவர் பறக்க மாட்டார், வாள் சுழற்ற மாட்டார். கேட்டால் சாவி கொடுப்பார், அவ்வளவுதான். ஆனாலும் ஊசிக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

சினிமாக்காரர்கள் வரைந்து கொடுத்திருந்த தாளை ஊசி எட்டிப் பார்த்தாள். வெளியே சாம்பல் நிறத் துணி. உள்ளே வெறும் லைனிங்.

“தப்பும்மா,” என்றாள் ஊசி. “புத்தகத்துல உள்பக்கம் பன்னெண்டு பை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு துணி. பதினொரு பையில சாவி. பன்னெண்டாவது காலி.”

“உள்பக்கம் இருக்கிறது கேமராவுக்குத் தெரியாதுடி.”

“சாவிக்காரருக்குத் தெரியுமே!”

அம்மா எழுந்து வெட்டுத்துணிக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள்.

ராணி உடையில் மிஞ்சிய வெல்வெட்டில் ஒரு பை. சிப்பாய்த் துணியில் ஒரு பை. கோமாளியின் கோடு போட்ட துணியில் ஒன்று. இப்படிப் பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவதுக்கு ஊசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட மஞ்சள் கம்பளிச் சட்டையை அம்மா வெட்டினாள். ஊசி படித்துக்கொண்டே இருந்தாள். மேலங்கி முடிந்த அன்று பதினோராம் அத்தியாயமும் முடிந்தது.

“மீதிய படம் பார்த்துட்டுப் படிக்கலாம்,” என்றாள் அம்மா. “முடிவு இப்பவே தெரிஞ்சுட்டா தியேட்டர்ல எனக்குக் கொட்டாவி வரும்.”

சாவிக்காரராக நடித்தது யார் தெரியுமா? அவர்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவரேதான். அவர் தெருமுனையில் நின்று “தபா...ல்!” என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாம் மாடியில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பவர்கள்கூட அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சினிமாக்காரர் ஒருவர் அவரைக் கையோடு அழைத்துப் போனாராம். கூட்டத்தில் ஒருவராக நிற்கிற வேஷம் இல்லை. வசனம் உள்ள வேஷம். அவருடைய வாழ்க்கையில் முதல் தடவை.

அப்புறம் படம் வந்தது.

*

சனிக்கிழமை காலைக் காட்சிக்கு ஊசியின் வகுப்பே வந்திருந்தது. வரச் சொன்னதே ஊசிதான். “சாவிக்காரர் வரும்போது நல்லாப் பாருங்க. அந்த மேலங்கி எங்கம்மா தைச்சது” என்று அவள் சொல்லாத ஆளில்லை. அம்மா கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடும் கம்மலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளை ஆந்தை பறந்தது. அடேயப்பா, என்ன அழகு! புத்தகம் படித்தபோது ஊசியின் மனசுக்குள் அது இவ்வளவு உயரம் பறக்கவில்லை. பனிப்புயல் அடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் கால்களை மேலே தூக்கிக்கொண்டார்கள். தொப்பிக்காரி முதல் கதவின் முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப வருவாரு,” என்று ஊசி பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னாள்.

வரவில்லை. கதவு தானாகவே திறந்தது.

“அடுத்த கதவுல வருவாரு.”

அடுத்த கதவும் தானாகத் திறந்தது. அதற்கடுத்த கதவை ஒரு பெரிய பனிக்கரடி உடைத்தது. புத்தகத்தில் கரடியே கிடையாது. கோட்டை இடிந்து விழுந்தது, தம்பி கிடைத்தான், பாட்டு வந்தது, விளக்கு போட்டுவிட்டார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. திரையில் பேர்கள் சின்னச் சின்ன எழுத்தில் மேலே போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பேர் போகும்வரை அம்மா பார்த்தாள். பிறகு கம்மலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“வா, போகலாம்” என்றாள். வீடு வந்து சேரும்வரை அவள் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

*

திங்கட்கிழமை வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

“புத்தகத்துல பன்னெண்டு கதவு. படத்துல நான் எண்ணினேன், மூணுதான்!”

“மீதி ஒன்பது எங்கடா?”

“மரத்துக்குப் பஞ்சமாம்.”

“தொப்பிக்காரி தலையில தொப்பியே இல்லையே! அப்புறம் எதுக்கு அவ தொப்பிக்காரி?”

“தொப்பி போட்டா முகம் தெரியாதாம். எங்க அக்கா சொன்னா.”

“ஆனா ஆந்தை பிரமாதம்.”

அது மட்டும் உண்மை என்று ஊசியும் நினைத்தாள். வாயைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. அவள் பயந்தது போலவே ஆயிற்று. வகுப்பில் எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடும் பெண் எழுந்து அவள் பக்கம் வந்தாள். ரேடியோ ஊசியின் கட்டடத்திலேயே நான்காம் மாடிக்காரி. ஒரு செய்தி அவள் காதில் விழுந்தால் அடுத்த மணியடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும்.

“ஏன்டி ஊசி, உங்கம்மா தைச்ச மேலங்கி எங்க?”

“வெட்டிட்டாங்க போல.”

“மேலங்கியையா?”

“சாவிக்காரர... அவர் வர்ற காட்சிய எல்லாம்.”

“கண்ணுக்குத் தெரியாத மேலங்கின்னு சொல்லு!” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. “எல்லாம் கப்சா. சும்மா அளந்து விட்டிருக்கா.”

அன்றைக்கு ஊசி எடுத்துப்போன சாப்பாடு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

*

புதன்கிழமை மாலை பட்டறை மாஸ்டர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி வந்து நின்றார். கையில் ஒரு பெரிய பொட்டலம். பிரித்தால், சாவிக்காரரின் மேலங்கி.

“அடுத்த படத்துல குதிரைப் படை வருதும்மா. நாப்பது குதிரை. மேல போத்துற துணிக்குச் சாம்பல் நிறம் பத்தல,” என்றார் மாஸ்டர். “இதப் பிரிச்சிடு. வெளித்துணி மட்டும் போதும். திங்கக்கிழமை காலையில வேணும்.”

“குதிரைக்கா மாஸ்டர்?”

“குதிரையாவது படத்துல வருதே. சந்தோஷப்படு.”

அம்மா சிரிக்கவில்லை. மாஸ்டருக்கே தான் சொன்னது பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏம்மா, உள்ள பை வைக்கச் சொல்லி உன்ன யாரு கேட்டா? அந்த ஆளு அதுல நிஜச் சாவியப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான். நடந்தா கிலுகிலுன்னு சத்தமாம். சவுண்டுக்காரர் ஷூட்டிங்கையே நிறுத்திட்டாராம். அதனாலதான் அவன் காட்சிய எல்லாம் தூக்கிட்டாங்கன்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன்...”

தண்ணீர் எடுக்க உள்ளே போன ஊசி அதற்குமேல் கேட்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்தது. அவள் கண்ணும்தான்.

பை இருந்ததால் சாவி வந்தது. சாவியால் சத்தம் வந்தது. சத்தத்தால் சாவிக்காரர் போனார். பை வைக்கச் சொன்னது யார்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் அம்மாவைக் கெடுத்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது மாஸ்டர் போயிருந்தார். அம்மா மிஷினில் வேறு ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒன்றும் நடக்காதது போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பன்னிரண்டாம் அத்தியாயம்...”

“வேண்டாம்.”

“கொஞ்சம்தாம்மா. ரெண்டே பக்கம்.”

“வேண்டாம்னு சொன்னேன்ல? அந்தப் புத்தகத்த இனிமே எடுக்காத. கதையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அம்மா எழுந்து, புத்தகத்தை வாங்கி, அலமாரியின் உச்சியில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். திரும்பி வந்து மிஷினை மிதித்தாள். நீளத் தையல் போயிற்று. மூலை திரும்பிற்று. மறுபடி நீளத் தையல். நூல் அறுந்தது. அம்மாவே கோத்துக்கொண்டாள்.

ஊசி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

*

பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை நம்பவில்லை. வீட்டில் கதை நின்றுபோயிற்று. இதில் இன்னொருவருக்கும் நஷ்டம் உண்டே என்று வியாழக்கிழமை காலையில்தான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமையிலிருந்து தெருவில் “தபா...ல்!” என்ற குரலே இல்லை. ஆனால் கீழே தபால் பெட்டிகளில் கடிதம் மட்டும் விடிந்ததும் கிடந்தது.

அவர் வேலையையும் நான்தானே கெடுத்தேன் என்று நினைத்தாள் ஊசி. மன்னிப்பாவது கேட்க வேண்டும். பல்லைக்கூடத் துலக்காமல் இறங்கிப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்றாள்.

சிறிது நேரத்தில் சைக்கிள் வந்தது. தபால்காரர் திருடன் போலப் பூனை நடை நடந்து வந்தார். சைக்கிள் மணியில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

“தபால் மாமா.”

அவர் கையிலிருந்த கடிதங்கள் எல்லாம் கீழே சிதறின.

“பயந்தே போயிட்டேன் பாப்பா! நீ மூணாம் மாடி தையல்கார அம்மா பொண்ணுதானே?”

“ஏன் இப்பல்லாம் கூப்பிடறதே இல்ல?”

அவர் குனிந்து கடிதங்களைப் பொறுக்கினார்.

“என் ரோட்டுல முந்நூத்திப் பன்னெண்டு வீடு. ஒரு வீடு விடல பாப்பா. எல்லார்கிட்டயும் படம் பாருங்க, நான் வருவேன்னு சொல்லி வெச்சேன். எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு வரிசை டிக்கெட் எடுத்தாங்க. படம் முடிஞ்சு விளக்கு போட்டப்ப நான் குனிஞ்சு ஷூ கயிறு கட்டினேன். தியேட்டர் காலியாகிற வரைக்கும் கட்டினேன். இப்ப தினமும் அதே முந்நூத்திப் பன்னெண்டு வாசல்ல போய் நிக்கணும். சத்தம் போட்டா ஜன்னல் திறக்குமே!”

ஊசி எப்படியோ சொல்லிவிட்டாள். “அது என்னாலதான் மாமா. பை வைக்கச் சொன்னது நான்தான்.”

“என்ன?”

“பை இல்லன்னா சாவி இல்ல. சாவி இல்லன்னா சத்தம் இல்ல. நீங்க படத்துல இருந்திருப்பீங்க.”

“அட, சாவி போட்டது நான்தானே? உங்கம்மா அளவு பார்க்கும்போது ‘பதினொரு பையில சாவி’ன்னு சொன்னாங்க. நான் சாவிக்காரனா லட்சணமா இருக்கணும்னு அக்கம்பக்கத்துல எல்லார் வீட்டுலயும் பழைய சாவியா வாங்கிப் போட்டுட்டுப் போனேன். தப்பு என்னோடது.”

“இல்ல, என்னோடது!”

“சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும்? என்னோடதுதான்!”

“என்னோடதுன்னு சொல்றேன்ல!”

“ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் சண்டை போடறீங்க?” மாடிப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பல் துலக்காமல் பெண் எங்கே போனாள் என்று தேடி வந்தவள், முக்கால்வாசியைக் கேட்டுவிட்டிருந்தாள்.

“ஊசி, மாஸ்டர் சொன்னதுல பாதியக் கேட்டுட்டுப் போய்க் குழாயத் திறந்துக்கிட்டயா? மீதியையும் கேளு. படம் மூணு மணி நேரம் ஓடிச்சாம். முக்கால் மணி நேரம் குறைக்கணும்னு மேல சொல்லிட்டாங்களாம். அதுல அண்ணன் போனாரு. ஒன்பது கதவு போச்சு. ஒரு ஆறு போச்சு, ரெண்டு ஊரு போச்சு. ஒரு ஆறு முழுசுமா கிலுகிலுன்னு சத்தம் போட்டுச்சு?”

தபால்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப சாவியால இல்லையா தங்கச்சி?”

“யாருக்குத் தெரியும்ணே? ஒருத்தன் இப்படிச் சொல்றான், ஒருத்தன் அப்படிச் சொல்றான். நிஜமா ஏன்னு நம்மகிட்ட யாரும் வந்து சொல்லப்போறதில்ல.”

“அப்ப நீ ஏம்மா என் மேல கோபமா இருந்த?” என்று கேட்டாள் ஊசி.

“கோபமா? உன் மேலயா?” அம்மா அவள் தலையில் கை வைத்தாள். “அந்தப் புத்தகத்துல எப்ப அந்த மனுஷன் பேரு வரும்னு நினைச்சாலே எனக்குத் தையல் கோணலாப் போகுதுடி. அதான்.”

யாருடைய தப்பும் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று நினைப்போம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கோபப்படக்கூட ஆளில்லாமல் போயிற்று.

தபால்காரர்தான் கடைசியில் கேட்டார். “ஒண்ணு மட்டும் சொல்லு பாப்பா. அந்தப் பன்னெண்டாவது பை எதுக்குக் காலி?”

“நீங்க புத்தகம் படிக்கலையா?”

“எங்க படிச்சேன்? நாலு வரி வசனம் ஒரு தாள்ல குடுத்தாங்க. அதையே ரெண்டு மாசம் சைக்கிள் மிதிச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணினேன்.”

“நாலு வரியா! புத்தகத்துல சாவிக்காரர் ரெண்டு பக்கம் பேசுவாரே!” ஊசி நிமிர்ந்தாள். மேலங்கி மேலே நாற்காலியில் கிடப்பது அவள் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

“அம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் அதப் பிரிக்காத,” என்றாள். “மாமா, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானே? வாங்க. எதுக்குக் காலின்னு அப்ப சொல்றேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். பழைய சாவிகள் ஒரு துணிப்பையில் இருந்தன. அம்மா அலமாரி உச்சியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் மேலங்கி விரிய இடமில்லை. அதனால் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார்கள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. வெளிச்சம் நன்றாக விழும். பார்க்க ஆள் ஒருத்திதான், படியில் உட்கார்ந்த அம்மா.

இல்லை, இரண்டு பேர். மேலே கதவு திறந்தது. ரேடியோ எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிற மேலங்கியில் ஒருவர் நிற்பதைக் கண்டதும் அவள் வாய் திறந்தது. அதிசயமாக அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

ஊசி பதினோராம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தாள்.

“‘தொப்பிக்காரி பதினோரு கதவுகளைக் கடந்துவிட்டாள். பன்னிரண்டாவது கதவில் பதினோரு சாவிகளையும் போட்டுப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. அவள் விரல்கள் விறைத்து நீலமாகிவிட்டன. சாவிக்காரரே, இன்னொரு சாவி இருக்கும் அல்லவா என்று அழுதாள்.’ மாமா, இப்ப நீங்க. இந்தப் பக்கம்.”

தபால்காரர் புத்தகத்தைக் கிட்டே பிடித்துக்கொண்டார். நடந்தார். கிலுகிலு என்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

“‘இல்லை மகளே,’” என்று படித்தார். அந்தக் குரல் படிக்கட்டு முழுக்கச் சுற்றி வந்தது. “‘இந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது. இதை யாரும் பூட்டவில்லை. கையால் தள்ளினால் திறக்கும். ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர்களின் கை விறைத்துப் போயிருக்கும். விறைத்த கையால் எதையும் தள்ள முடியாது. அதனால்தான்...’”

அவர் அடுத்த வரியைப் பார்த்தார். புத்தகத்தைத் தாழ்த்தினார். மேலங்கியைத் திறந்து, மஞ்சள் கம்பளிப் பையைப் பார்த்தார்.

“‘அதனால்தான் இந்தப் பையை நான் காலியாக வைத்திருக்கிறேன். உன் கையை இதில் வைத்துக்கொள். அவசரமில்லை. நான் நிற்கிறேன்.’”

ஊசி தன் கையைப் பைக்குள் விட்டாள். அதில் தொப்பிக்காரியின் கையும் இருப்பது போலிருந்தது.

அம்மா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோதான் முதலில் பேசினாள்.

“இது ஏன் படத்துல இல்ல?”

அது அங்கே யாருக்கும் தெரியாது.

“மறுபடி ஒரு தடவை படிக்கட்டுமா?” என்று கேட்டார் தபால்காரர்.

மூன்று தடவை படித்தார். பிறகு மேலங்கியைக் கழற்றி, அவரே மடித்து, அம்மாவின் கையில் கொடுத்தார்.

மத்தியானம் அம்மா சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல தையல், பிரிக்கப் பிரிக்க வராது. “இவ்வளவு கெட்டியா யாருடி தைச்சது?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாலைக்குள் வெளித்துணி தனியாக, லைனிங் தனியாக, இரண்டு துண்டுகள் ஆயின. வெளித்துணி மூட்டைக்குள் போயிற்று. குதிரை போர்த்திக்கொள்ளும்.

லைனிங்கைத் தபால்காரருக்குக் கொடுத்தாள் அம்மா. பதினோரு பையோடு அவர் அதைக் கடிதம் போல நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

*

திங்கட்கிழமை காலை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மா பட்டறைக்குக் கிளம்பும் நேரம், தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் தயங்கி, பாதியில் உடைந்து, பிறகு நேராகி.

“தபா...ல்!”

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. “ஏன்ணே, படத்துல உங்களக் காணோமே!” என்று யாரோ கேட்டார்கள்.

“வெட்டிட்டாங்கம்மா!” என்றார் தபால்காரர். “புத்தகத்துல இருக்கேன். பதினோராம் அத்தியாயம்!”

பள்ளிக்கூடத்தில் ரேடியோ முதல் மணிக்கே ஒலிபரப்பை முடித்திருந்தாள். எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் மட்டும் ஊசியிடம் வந்து, புத்தகத்தை இரவல் கேட்டார்கள்.

“இப்ப தர முடியாது,” என்றாள் ஊசி. “வீட்டுல தேவைப்படுது.”

மாலையில் அம்மா அவள் பள்ளிக்கூடத்துக்குப் போடும் கோட்டினை வாங்கி, உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். இடது பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், மஞ்சள் கம்பளித் துணியில் ஒரு பை.

“போட்டுப் பாரு.”

ஊசி போட்டுக்கொண்டாள். அம்மா மிஷினில் உட்கார்ந்து நூலைச் சரிபார்த்தாள். இன்றைக்கு நீளத் தையல் வேலை நிறைய இருந்தது.

“கடைசியில கோட்டை இடிஞ்சு விழுந்துச்சே படத்துல,” என்றாள் அம்மா, துணியைப் பார்த்துக்கொண்டே. “புத்தகத்துலயும் அப்படித்தானா?”

“சொல்ல மாட்டேன்.”

“கரடி?”

“சொல்லவே மாட்டேன்.”

“அப்ப படி.”

மிஷின் ஓடத் தொடங்கியது. ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மறு கையால் ஊசி பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள்.